காட்டுக்குள் கைத்துப்பாக்கி: தமிழக வனங்களில் பெருந்துளைச் சுழல்துப்பாக்கியும் ஆயுதச் சட்டமும்

ஆய்வுச் சுருக்கம்

காட்டுக்குள் செல்பவர் கொடுவிலங்கிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ள இடுப்பில் எத்தகைய கைத்துப்பாக்கியை வைத்திருக்க வேண்டும் என்பது 19ஆம் நூற்றாண்டு ஆங்கில வேட்டையாளரிடையே பேசப்பட்ட நடைமுறை வினா. வட அமெரிக்காவின் கரடிக் காடுகளில் இவ்வினா இன்றும் உயிர்ப்புடன் இருக்கிறது. தமிழகத்தில் இவ்வினாவுக்கு நேர்ந்தது என்ன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இங்குக் கைத்துப்பாக்கியின் துளையளவைத் தீர்மானித்ததில் புலிக்கும் கரடிக்கும் பங்கு குறைவு. ஆட்சியின் அச்சமும் உடையவரின் தகுதிநிலையுமே அதைத் தீர்மானித்தன என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: சுழல்துப்பாக்கி, ஆயுதச் சட்டம், வேட்டை, நீலகிரி, கொடகு, பயிர்ப் பாதுகாப்பு, வனவுயிர்ப் பாதுகாப்பு

1. சொல்லும் பொருளும்

‘துப்பாக்கி’ என்பது துருக்கிய மொழி மூலத்திலிருந்து வந்து தமிழில் நிலைத்த சொல். ‘ரிவால்வர்’ என வழங்கும் கருவியைச் சுழல்துப்பாக்கி எனவும், குழாயின் உள்விட்டத்தைத் துளை எனவும் இக்கட்டுரை குறிக்கிறது. துளையளவை அங்குலத்தின் நூற்றுக்கூறாகச் சொல்வது வழக்கம். ஆகவே .455 என்பது அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த துளை; .32 என்பது அங்குலத்தில் மூன்றிலொரு பங்குக்கு நெருங்கிய துளை. இவ்விரு எண்களும் கட்டுரை முழுவதும் திரும்ப வரும். முன்னது படையின் துளை, பின்னது குடிமகனுக்கு விட்டுவைக்கப்பட்ட துளை.

2. அம்பாரியில் பிறந்த கருவி

காட்டுத் தற்காப்புக்கெனவே அமைந்த பெருந்துளைக் கைத்துப்பாக்கி இந்தியச் சூழலில்தான் தனிப்பெயர் பெற்றது. ‘ஹௌடா பிஸ்டல்’ என ஆங்கிலேயர் அழைத்த அதனை அம்பாரித் துப்பாக்கி எனலாம். யானை மேல் அம்பாரியில் அமர்ந்து புலி வேட்டையாடுபவர்மீது, அடிபட்ட புலி யானையின் மத்தகத்திலோ பின்புறத்திலோ பாய்ந்து ஏறுவதுண்டு. அந்நிலையில் நீண்ட குழல் துப்பாக்கியைத் திருப்ப இடமிராது. ஒரு கை நீளத்துக்குள் வந்துவிட்ட விலங்கைச் சுடுவதற்காக, இரட்டைக் குழல்களை உடைய குட்டையான, கனத்த கருவி செய்யப்பட்டது. தொடக்கத்தில் பழைய வேட்டைத் துப்பாக்கிகளின் குழலை அறுத்தே சிலர் இதனைச் செய்துகொண்டனர். பின்னர் இங்கிலாந்தின் துப்பாக்கிக் கம்மியர் .577 போன்ற பெருந்துளைகளில் இதனைத் தனியாகவே வடித்தனர்.

இதே காலத்தில் சுழல்துப்பாக்கியும் வளர்ந்தது. இராபர்ட் ஆடம்ஸ் 1851இல் அறிமுகப்படுத்திய ஐந்து சுற்றுக் கருவி, 1856இல் பியூமாண்டின் திருத்தத்துடன் பிரித்தானியப் படையில் நுழைந்தது. 1857 கிளர்ச்சிக் காலத்தில் அமெரிக்கக் கோல்ட் நிறுவனத்தின் .36 துளைக் கருவியைக் காட்டிலும் ஆடம்ஸின் பெருந்துளைக் கருவியே எதிராளியை நின்ற இடத்தில் நிறுத்தும் என்னும் கருத்து அதிகாரிகளிடையே பரவியது. 1887இல் வெப்ளி சுழல்துப்பாக்கி படைக்கருவியாக ஏற்கப்பட்டது, அதன்.455 துளையே 1930கள்வரை பிரித்தானிய அதிகாரியின் இடுப்பில் இருந்தது. இந்த வரிசையில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பெருந்துளைக்கான வாதம் மனிதரை நிறுத்துவது பற்றியது. விலங்கு பின்னர் வந்து சேர்ந்த காரணம்.

3. தெற்கின் காடுகளில் நடந்தே சென்றவர்கள்

அம்பாரி வேட்டை பெரிதும் தராய்ப் புல்வெளியின் வழக்கம். சென்னை மாகாணத்து மலைக்காடுகளிலும் மூங்கில் புதர்களிலும் வேட்டையாளர் பெரும்பாலும் நடந்தே சென்றனர். அல்லது மரத்தில் பரண் கட்டிக் காத்திருந்தனர். எனவே அம்பாரித் துப்பாக்கி தென்னாட்டு வேட்டை எழுத்தில் முதன்மை பெறவில்லை. சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட இலங்கை வேட்டை நூலைப் பார்த்தால், யானைக்குப் பெருந்துளை நீள்துப்பாக்கியும், நாய்களைக் கொண்டு மறித்த கடமானுக்கு வேட்டைக் கத்தியுமே அவருடைய கருவிகள். நெருக்கத்தில் அவர் நம்பியது கத்தியை. மைசூர் எல்லைக் காடுகளில் யானை பிடிக்கும் கெத்தாவை நடத்திய சாண்டர்சன் 1878இல் எழுதிய நூலிலும் தோளில் தாங்கும் கனத்த துப்பாக்கிகளுக்கே இடம்.

20ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு வாசகர் நன்கறிந்த பெயர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பென்னாகரம் எனத் தமிழக எல்லைக் காடுகளிலேயே அவருடைய கதைகளில் பல நிகழ்கின்றன. 1954இல் வந்த முதல் நூல் தொடங்கி அவர் பெயருடன் பிரியாமல் வருவது .405 துளை வின்செஸ்டர் நீள்துப்பாக்கி. அரசிக்கெரே பகுதியில் பலரைக் கொன்ற கரடியைப் பற்றியும் அவர் 1957ஆம் ஆண்டு நூலில் எழுதியுள்ளார். தென்னிந்தியத் தேன்கரடி எதிர்பாராமல் மிக அருகில் எழுந்து முகத்தைத் தாக்கும் இயல்புடையது. கைத்துப்பாக்கிக்கு ஒரு தேவை இருந்திருக்குமானால் அது இவ்விலங்கின் முன்னர்தான் இருந்திருக்கும்.

அத்தேவையைக் கருவி நிறைவேற்றியிருக்குமா? இங்கே எண்களைப் பார்ப்பது நன்று. .455 வெப்ளியின் குண்டு 265 கிரெயின், அதாவது ஏறத்தாழ 17 கிராம் எடையுடையது. வினாடிக்கு 190 மீட்டர் அளவில் செல்லும். அதன் ஆற்றல் ஏறத்தாழ 300 ஜூல். ஆண்டர்சனின் .405 துப்பாக்கியின் குண்டு 300 கிரெயின். வேகம் வினாடிக்கு 670 மீட்டர். ஆற்றல் 4,300 ஜூலுக்கும் மேல். குண்டின் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆற்றலில் பதினான்கு மடங்கு வேறுபாடு. பேரரசின் மிகப் பெரிய படைக் கைத்துப்பாக்கியே கரடியின் தடித்த மயிரையும் தசையையும் எலும்பையும் கடக்க உறுதியற்ற கருவி என்பது இதனால் விளங்கும். அமெரிக்காவில் 1955இல் .44 மேக்னம் வந்த பின்னரே கைத்துப்பாக்கியின் ஆற்றல் 1,300 ஜூல் அளவை எட்டியது, 2003இல் வந்த.500 துளை அதனை மேலும் உயர்த்தியது. இன்று காட்டுத் தற்காப்புக்கான கைத்துப்பாக்கி என்று பேசப்படுவது பெரிதும் இந்த 1955க்குப் பிந்தைய கருவிகளையே. அவை பரவலாகும் முன்னரே இந்திய வேட்டையின் காலம் முடிவை நெருங்கிவிட்டது.

ஆற்றலில் சிறந்த கருவியும் பயனளிக்க நேரம் வேண்டும். புதரிலிருந்து பத்தடி தொலைவில் எழும் கரடி விட்டுவைக்கும் நேரத்தில், உறையிலிருந்து எடுத்துக் குறிபார்த்துச் சுடுவது நெடுநாள் பழகியவர்க்கே இயலும். வேட்டையாளர் தம் நூல்களில் தம்மைக் காத்ததாகச் சொல்வது பெரும்பாலும் வேறொன்றை: காற்றின் திசை, குரங்கின் எச்சரிக்கைக் குரல், உடன் வந்த காட்டுவாசியின் செவி. காட்டறிவில் ஆண்டர்சன் பெரிதும் மதித்த பைரா பூசாரி அத்தகையவர்.

துப்பாக்கியே இல்லாமல் புலியை நேர்கொண்ட முறையும் நம் எல்லைக்குள் இருந்தது. வயநாட்டுச் செட்டிகள் புலியை வலையால் வளைத்து ஈட்டியால் குத்திய முறையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதி நூலில் பதிவு செய்துள்ளார். அந்த வயநாட்டின் தென்கிழக்குப் பகுதி 1877இல் நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. இன்றைய கூடலூர் வட்டாரம் அதுவே. இம்முறையில் தனிமனிதரின் தற்காப்புக் கருவி என்னும் கருத்துக்கே இடமில்லை. வலை ஊருக்குரியது, ஈட்டி பல கைகளுக்குரியது. இதை வீரத்தின் கதையாக மட்டும் படிப்பது குறைபாடுடைய வாசிப்பு என்பது என் கருத்து. துப்பாக்கி கிடைக்காதவர்கள் கண்ட ஏற்பாடாகவும் இதனைப் படிக்க வேண்டும்.

4. யாருடைய இடுப்பு?

துப்பாக்கி ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு வரலாறு உண்டு. பாளையக்காரர் போர்களின் முடிவில், மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் டிசம்பர் 1 அன்று ஓர் அறிக்கை வெளியிட்டார். தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதை அது தடை செய்தது. பாளையக்காரர் கோட்டைகள் இடிக்கப்பட்டதைப் பற்றி விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. அக்கோட்டைகளைச் சூழ்ந்த காட்டோர ஊர்களில் பன்றிக்கும் சிறுத்தைக்கும் எதிராக என்ன எஞ்சியது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை.

வைஸ்ராய் லிட்டனின் ஆட்சியில் வந்த 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டமான இந்திய ஆயுதச் சட்டம் இதனை நாடு முழுமைக்கும் விரித்தது. உரிமமின்றி ஆயுதம் தாங்கல் குற்றமாயிற்று. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. அதே பத்தாண்டுகளில்தான் வனமும் வேலியிடப்பட்டது: 1873இல் காட்டு யானைகளைக் காக்கும் சென்னைச் சட்டம், 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம், 1879இல் நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம், 1882இல் சென்னை வனச் சட்டம். இவற்றைத் தனித்தனியே படிப்பதே நம் ஆய்வுகளின் வழக்கம். 1878ஐ இவற்றின் நடுவில் வைத்துப் பார்த்தால், காட்டுக்குள் நுழையும் உரிமையும் ஆயுதத்தோடு நுழையும் உரிமையும் ஒரே தலைமுறைக் காலத்தில், ஒரே வகையினரிடம் குவிந்தது புலனாகும். மவுண்ட் ரோட்டில் இன்று கடிகாரத்துக்காக அறியப்படும் பி. ஆர் அண்டு சன்ஸ் அன்று துப்பாக்கியும் விற்றது. அக்கடையின் கண்ணாடிப் பேழை முன் நின்று எத்துளை நல்லது என்று ஆராயும் வாய்ப்பு உரிம அலுவலகத்தின் படியேற வேண்டாதவர்க்கே இயல்பாக அமைந்தது.

இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. 1887இல் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரசு மாநாடு ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டம் மக்களுக்கு விளைக்கும் இன்னலையும் அவர்கள்மேல் அது சுமத்தும் இழிவையும் அத்தீர்மானம் குறித்தது. ‘இழிவு’ பற்றியே பின்வந்த அரசியல் பேச்சு பெரிதும் வளர்ந்தது. காட்டோர உழவரின் ‘இன்னல்’ பின்னுக்குப் போயிற்று. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட கருவி பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. அதன்பின் கைத்துப்பாக்கி என்றாலே ஆட்சியின் கண்ணில் அரசியல் கொலைக் கருவி என்றாயிற்று. மறைத்து வைக்க இயலாத நீண்ட துப்பாக்கியைவிட மறைக்க இயலும் குட்டைக் கருவி கடுமையாகக் கண்காணிக்கப்பட்டதன் காரணம் வெளிப்படை. இன அடிப்படையிலான விலக்கு 1920ஆம் ஆண்டு விதிகளால் நீங்கியது. உரிமம் வழங்கும் அலுவலரின் விருப்பம் நீங்கவில்லை.

தமிழக எல்லைக்கு அப்பால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கொடகில் கொடவ இனத்தாருக்கும் ஜம்மா நில உரிமையாளருக்கும் 1861 முதல் ஆயுத உரிம விலக்கு உண்டு. 2019இல் ஒன்றிய அரசு அதனை மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டித்தது. அவ்விலக்கில் கைத்துப்பாக்கி, சுழல்துப்பாக்கி, இரட்டைக்குழல் துப்பாக்கி ஆகியன அடங்கும். கொடகின் காடும் முதுமலையின் காடும் யானைக்கு ஒன்றே. யானை நடந்து கடக்கும் கோட்டின் ஒருபுறம் ஓர் இனத்தார் உரிமமின்றிச் சுழல்துப்பாக்கி வைத்திருக்கலாம். மறுபுறம் குறும்பருக்கும் இருளருக்கும் அது எண்ணத்தகாதது. இவ்வேறுபாட்டுக்கு விலங்கு காரணமன்று. 19ஆம் நூற்றாண்டில் யார் ஆட்சிக்கு நம்பகமானவராக எண்ணப்பட்டார் என்பதே காரணம்.

5. .455இலிருந்து .32க்கு

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் துளைகள் இரு வகையாயின. படையின் தோட்டாவை ஏற்கக்கூடிய துளைகள் தடைசெய்யப்பட்டவை, ஏனையவை உரிமத்துக்குரியவை. சுழல்துப்பாக்கியில் .38, .455 ஆகியன முன்னதில் சேர்ந்தன. காரணம் எளிது: படைக் கிடங்கிலிருந்து களவு போகும் தோட்டா குடிமகனின் கருவியில் பொருந்தக் கூடாது. பாதுகாப்பு நோக்கில் இது நியாயமான ஏற்பாடே. எனினும் இதன் விளைவாக, 19ஆம் நூற்றாண்டு வேட்டையாளர் ‘குறைந்தபட்சம்’ எனக் கருதிய துளை குடிமகனுக்கு இல்லாமற்போயிற்று. 1980களின் நடுப்பகுதிக்குப் பின் இறக்குமதி வழியும் ஏறக்குறைய அடைபட்டது.

எஞ்சியது .32. அதன் ஆற்றல் வெப்ளியின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி. 2014இல் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்னும் பெயரில் வெளியிட்ட சுழல்துப்பாக்கி 500 கிராம் எடையும் .32 துளையும் உடையது. அன்றைய விலை 1,22,360 ரூபாய். பெண்களின் தற்காப்புக்கு என அது விளம்பரப்படுத்தப்பட்டது. விலையையும் நோக்கையும் ஒருங்கே பார்த்தால், இந்தியாவில் சுழல்துப்பாக்கி முழுவதுமாக நகரத்துக்குரிய பொருளாகிவிட்டது தெளிவு. இங்கு அதற்கு எதிரி மனிதனே.

காட்டோர உழவருக்குச் சட்டம் வேறொன்றை ஒதுக்கியது. தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்புக் குழல் துப்பாக்கி, பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கி ஆகியவற்றுக்கு உரிமம் வழங்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு வகை செய்கிறது. மருந்தைக் குழாய்வாய் வழியே கொட்டி, கம்பியால் இடித்து, ரவை போட்டு, மீண்டும் இடித்து ஒரு முறை சுடும் இந்த நாட்டுத்துப்பாக்கி தொழில்நுட்பத்தில் ஆடம்ஸின் 1851ஆம் ஆண்டுக் கருவிக்கும் முற்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி, சவ்வாது மலை, கல்வராயன் மலைப் பகுதிகளில் உரிமமற்ற நாட்டுத்துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லிக் காவல்துறையும் வனத்துறையும் அவ்வப்போது அறிவிப்பதைச் செய்தித்தாள்களில் காண்கிறோம். அச்செய்திகள் அவற்றைக் கள்ளவேட்டைக் கருவிகளாக மட்டுமே விவரிக்கின்றன. பல அப்படிப்பட்டவையே. ஆயினும் அவற்றின் பின்னால் 1801 முதல் தொடரும் உரிம வறட்சி இருக்கிறது என்பதையும் வரலாற்று மாணவர் சேர்த்தே படிக்க வேண்டும்.

நகரத்தில் இந்தப் படிநிலை கண்ணுக்குப் படாது. இக்கட்டுரை எழுதப்படும் மண்ணூர்பேட்டைக்கு மேற்கே சில கிலோமீட்டரில், ஆவடியில், 1960கள் முதல் பீரங்கி வண்டிகள் செய்யப்படுகின்றன. அருகிலுள்ள அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் குடிமக்கள் அன்றாடம் காணும் ஒரே உரிமத் துப்பாக்கி, வங்கிப் பண வண்டியின் பக்கத்தில் நிற்கும் ஓய்வுபெற்ற படைவீரரின் தோளிலுள்ள 12 துளைக் குழல்தான். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் நடைமுறை நகரத்தாருக்குச் செய்தியின் ஒரு வரி. கம்பும் கேழ்வரகும் முற்றும் பருவத்தில் தேர்தல் வந்தால், பயிர்க் காவலுக்கு உரிமம் பெற்ற உழவரிடம் எஞ்சுவது தகர டப்பாவும் பட்டாசும்.

6. 1972க்குப் பின்

வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்ததும் காட்டுக்குள் எத்துளை என்னும் வினா சட்டத்தளவில் முடிவுற்றது. 31ஆம் பிரிவின்படி, தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துவழி முன்னனுமதியின்றி எவ்வகை ஆயுதத்துடனும் சரணாலயத்துக்குள் நுழைதல் கூடாது. 34ஆம் பிரிவு சரணாலயத்திலும் அதனைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள்ளும் வாழும் ஆயுத உரிமதாரர் தம் பெயரைப் பதிந்துகொள்ளக் கட்டளையிடுகிறது.

இவற்றினும் நுட்பமானது 11ஆம் பிரிவு. தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்துடன் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்று அது சொல்கிறது. தொடர்ந்து ஒரு வரம்பும் இடுகிறது: அத்தற்காப்பு நேர்ந்த வேளையில் அவர் இச்சட்டத்தை மீறிய செயலில் ஈடுபட்டிருந்தால் இப்பாதுகாப்பு அவருக்குக் கிட்டாது. அதாவது, அனுமதியின்றிச் சுழல்துப்பாக்கியுடன் சரணாலயத்துக்குள் சென்றவர் பாய்ந்த கரடியைச் சுட்டால், கையிலிருந்த துப்பாக்கியே அவருடைய தற்காப்பு வாதத்தைப் பறிக்கும். வெறுங்கையுடன் விறகுக்குச் சென்ற பெண் அரிவாளால் வெட்டினாலும் நிலை எளிதன்று. அவர் எந்த உரிமையில் காட்டுக்குள் இருந்தார் என்ற கேள்வி முதலில் எழும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவன விளைபொருள் சேகரிக்கும் உரிமையை ஏற்றதன் பொருள் இவ்விடத்தில் துலங்குகிறது. காட்டில் இருப்பதற்கான உரிமை, தற்காப்புக்கான உரிமைக்கு முன்நிபந்தனையாகிறது.

அரசின் கையிலும் கருவி மாறியது. 2014 ஜனவரியில் உதகைப் பகுதியில் மூவரைக் கொன்ற புலி சுட்டுக் கொல்லப்பட்டது. 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் நான்கு பேரின் இறப்புக்குக் காரணமெனக் கருதப்பட்ட டி-23 என்னும் புலிக்கு எதிராக வேட்டை ஆணை பிறந்தபோது, அதனைக் கொல்ல அவசரப்பட வேண்டாம் எனச் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. வனத்துறையினர், கால்நடை மருத்துவர்கள், கும்கி யானைகள், ஆளில்லா வானூர்திகள், தடம் பார்க்கும் பழங்குடிக் காவலர்கள் எனப் பலர் மூன்று வாரம் தேடினர். அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தப்பட்டு அப்புலி உயிருடன் பிடிபட்டது. மைசூரு மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது.

அத்தேடலில் மண்ணில் பதிந்த நகத்தையும் முறிந்த புல்லையும் முதலில் கண்டு சொன்னவர்களுள் வேட்டைத் தடுப்புக் காவலராகப் பணியாற்றும் பழங்குடியினர் பலர். அன்றாட ரோந்தில் அவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு தடியும் ஓர் அரிவாளும்.